யோனத்தானின் மகன்: படைவீரர் இல்லங்களும் நமது ஆற்றுப்படுத்தும் பணியும்

ஒரு சமுதாயம் தன் படைவீரனைப் பாடும்போது அவன் தாயையும் பாடுகிறது, அவன் மனைவியையும் பாடுகிறது. அவன் வீட்டுப் பிள்ளையைக் குறித்து ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. நமது சங்கப் பாடல்களும் திருமறையின் சாமுவேல் ஆகமங்களும் இவ்வகையில் ஒத்திருக்கின்றன என்பதையும், அம்மௌனம் இன்று நமது பிரசங்க பீடத்திலும் வீடு சந்திப்பிலும் தொடர்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் இவ்விரு இலக்கியங்களிலும் அப்பிள்ளை அறவே இல்லாமற் போகவில்லை. ஓரிரு வரிகளில், பிறர் கதைக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறான். அவனைக் கண்டுகொள்ளும் வாசிப்பிலிருந்தே அவனைப் போன்றோரை ஆற்றுப்படுத்தும் பணியும் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இது ஏட்டளவில் எழுந்த வினா அன்று. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையை நோக்குக. ஆவடியில் 1965-ஆம் ஆண்டு முதல் விஜயந்தா டாங்கியைச் செய்தளித்த கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. படையினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும், விமானப்படை நிலையமும், மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமும் அங்கேயே உள்ளன. பட்டாபிராமில் பிரியும் கிளைப்பாதையின் பெயரே மிலிட்டரி சைடிங். பாதையின் மறுமுனையாகிய அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் இராஜாளி விமானதளம் இயங்குகிறது. இவற்றுக்கு இடையில், திருநின்றவூரை அடுத்து இருப்பது வேப்பம்பட்டு. தொழிற்சாலைப் பணியாளரும், ஓய்வுபெற்ற வீரரும், எல்லைப்புறத்தில் பணியிலிருப்போரின் மனைவி மக்களும் இங்கு மனை வாங்கி வீடு கட்டி வாழ்கின்றனர்.

படைக் குடியிருப்பில் வாழும் குடும்பத்துக்கும் வேப்பம்பட்டில் வாழும் குடும்பத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதனை ஆயர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். குடியிருப்பில் தந்தையர் பலர் ஒருங்கே சென்றிருப்பர். ஒரு வீட்டின் கவலை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமலே விளங்கும். வேப்பம்பட்டிலோ பக்கத்து வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியிலோ திருமழிசையிலோ ஷிப்டு முடித்து அன்றன்றைக்கே வீடு திரும்புகிறார். இத்தெருவில் இந்த ஒரு வீட்டில் மட்டுமே தந்தை இல்லை. களப்பகுதியிலிருக்கும் தந்தைக்குக் கடிதம் எழுதினாலும் உறையின் மேல் ஊர்ப் பெயர் இராது. படைப்பிரிவின் பெயரும் 56 ஏ.பி.ஓ. என்ற எண்ணுமே முகவரி. தன் தந்தை இருக்கும் ஊரை நிலப்படத்தில் தொட்டுக் காட்ட இயலாத பிள்ளை அவன். படையில் பாதிரி உள்ளிட்ட சமய ஆசிரியர்கள் உள்ளனர். 1966 முதல் படைவீரர் மனைவியர் நலச் சங்கமும் பணியாற்றி வருகிறது. ஆயினும் சமய ஆசிரியரின் கவனிப்பு படைப்பிரிவோடு செல்வது. ஊரில் தனித்து நிற்கும் வீட்டின் கதவைத் தட்ட வேண்டியவர் அவ்வூர்ச் சபையின் ஆயரே.

அவர் கதவைத் தட்டும்போது அவர் நாவில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் புறநானூறு இருக்கிறது என்றே சொல்வேன். அவர் அதனைப் படித்திராவிட்டாலும் அது அங்கே இருக்கிறது.

வேல் கொடுத்த தாய்

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் புறப்பாட்டு மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தது. முன்னாட் போரில் இவள் பிறந்தகத்து மூத்தவன் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். தந்தை என்பாரும் தமையன் என்பாரும் உளர். நேற்றைய போரில் இவள் கணவன் ஆநிரை மீட்டு மடிந்தான். இன்று பறையொலி கேட்கிறது. தன் ஒரே மகனை அழைத்து, வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவி, கையில் வேல் கொடுத்து, போர்முனை நோக்கி அனுப்புகிறாள். பள்ளிப் பாடத்திலும் மேடையிலும் இப்பாட்டு வீரத்தாய்க்கு எடுத்துக்காட்டாகவே நமக்குக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. சுதந்திர நாளை ஒட்டிய ஞாயிறுகளில் நம் பிரசங்கங்களிலும் இது தவறாமல் வருகிறது.

பாட்டு அவ்வளவு எளிதாகப் புகழவில்லை என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும். அது வசைபோல் ஒலிக்கும் ஒரு வியப்புரையோடு தொடங்குகிறது. இவள் துணிவைக் கண்ட பிறர் திடுக்கிடுகின்றனர். பறையொலி கேட்ட தாயைக் குறித்து, விருப்பம் கொண்டாள் என்பதோடு புலவர் நிறுத்தவில்லை; ‘மயங்கி’ என்றொரு சொல்லையும் சேர்த்திருக்கிறார். கணவன் இறந்து ஒரு நாளே ஆகியிருக்கிறது. இழப்பின் முதல் நாளில் ஒருவர் எடுக்கும் முடிவுகள் எத்தகையன என்பதை அடக்க ஆராதனை நடத்திய எந்த ஆயரும் அறிவார். நம் மேடைகள் இச்சொல்லைத் தாண்டிச் சென்றுவிட்டன. 277, 278-ஆம் பாடல்களின் துறைப் பெயர் உவகைக் கலுழ்ச்சி என்பது. கலுழ்தலாவது அழுதல். பிற்காலப் பேச்சாளர் உவகையை வைத்துக்கொண்டு கலுழ்ச்சியை விட்டுவிட்டனர்.

அடுத்து அந்த மகன். அவன் வயது என்ன என்று பாட்டு சொல்லவில்லை. அவன் பேசவும் இல்லை. நேற்று இறந்தவன் அவனுடைய தந்தை. அது குறித்து அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பறந்து கிடந்த அவன் மயிரில் தாய் எண்ணெய் நீவுகிறாள் என்ற இடத்தில்தான் அவன் நம் கண்ணுக்குத் தென்படுகிறான். நாள்தோறும் எல்லாத் தாயரும் செய்வது அச்செயல். பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைக்கும் அதுவே செய்வர்.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்க வேண்டும்? 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டவர். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் மடிந்த 20 பேருள் ஒருவராகிய ஹவில்தார் பழனி இராமநாதபுரத்துக்காரர். இத்தகைய அடக்கங்களில் சின்னஞ்சிறு பிள்ளைக்கு அளவெடுத்த சீருடை அணிவித்துப் பெட்டியின் அருகே நிறுத்தி வணக்கம் செலுத்தச் சொல்லும் படங்களைச் செய்தித்தாள்களில் நாம் கண்டிருக்கிறோம். துயரத்தின் நடுவே அவ்வாறு செய்யும் வீட்டாரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. அப்படத்தைக் கண்டு நெகிழ்ந்து, அதனையே மறு ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்தாளும் நாம் குறை கூறத்தக்கவர். வெள்ளாடைக்கும் வேலுக்கும் இன்றைய வடிவம் அச்சீருடை.

கன்றுக்குச் சொன்ன சொல்

அக இலக்கியம் பக்கம் திரும்பினால் வேறொரு குரல் கேட்கிறது. பிரிவால் வருந்தும் தலைவியைத் தோழி திடப்படுத்துவதற்கு வற்புறுத்தல் என்று பெயர். குறுந்தொகை 66-ஆம் பாட்டில், தலைவன் குறித்துச் சென்ற கார்காலம் வந்து கொன்றையும் பூத்துவிட்டது. தோழியோ, கொன்றை அறிவில்லாத மரம், ஏதோ மழையைக் காரென்று எண்ணி ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். அன்பினால் சொல்லும் பொய். நம் வீடு சந்திப்புகளில் பாதி இவ்வகையைச் சார்ந்தது. “ஒன்றும் ஆகாது அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி ஜெபம் செய்து எழுந்துவிடுகிறோம். கொன்றை பூத்திருப்பதை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ‘வன்புறை எதிரழிந்து சொல்லியது’ என்று ஒரு கூற்றையும் பழைய உரையாசிரியர்கள் வகுத்திருக்கின்றனர். சொன்ன ஆறுதல் உடைந்த இடத்தில் தலைவி பேசத் தொடங்குகிறாள் என்பது பொருள். ஆற்றுப்படுத்துவோர் காத்திருக்க வேண்டிய இடம் இதுவே. நம் இறையியற் கல்லூரிகளில் மேல்நாட்டு ஆலோசனை நூல்களைப் பாடமாக வைக்கிறோம், வைக்கட்டும். இக்கூற்றையும் சேர்த்து வைத்தால் மாணவர்க்கு விளங்கும்.

பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடி உடையது, நப்பூதனார் பாடியது. அரசன் பாசறையில் இருக்கிறான். முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்க நிற்கின்றனர். அங்கே ஓர் இடைமகள், குளிரில் கையைத் தோள்மேற் கட்டிக்கொண்டு, தாயைக் காணாது அலமரும் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இதோ வந்துவிடுவர் என்கிறாள். முதியோர் அதனை நற்சொல்லாகக் கொண்டு அரசியிடம் ஓடுகின்றனர். அரசி தேறினாளில்லை.

அந்தச் சொல் கன்றுக்குச் சொல்லப்பட்டது. பெரியோர் அதனைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். பாட்டு முழுவதிலும் ஆற்றுப்படுத்தும் கலை தெரிந்தவள் அந்த இடைமகள் ஒருத்திதான் என்பேன். அவள் முதலில் கன்றின் அலமரலை நோக்கினாள்; பிறகு அதனிடமே பேசினாள்; சில சொற்களில் பேசினாள்; மாலையில் மாடு திரும்பும் என்பது உறுதியாகத் தெரிந்ததால் பேசினாள். கடைசியாகச் சொன்னது நமக்கு எல்லையும் வகுக்கிறது. களத்திலிருக்கும் தந்தை திரும்பி வருவார் என்று பிள்ளைக்கு வாக்களிக்க எந்த ஆயருக்கும் ஆதாரம் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மறுபடி வருவேன் என்று வாக்களிக்கலாம், வந்துவிட வேண்டும்.

வில்லின் பாட்டில் இடம்பெறாதவன்

திருமறைக்கு வருவோம். உபாகமம் 20-ஆம் அதிகாரம் போருக்குச் செல்லாமல் வீடு திரும்பலாம் என்று சிலருக்கு விலக்கு அளிக்கிறது. புதுவீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நாட்டியவன், பெண்ணை நிச்சயித்தவன், அஞ்சுகிறவன் என்போர் அவர். 24-ஆம் அதிகாரம் புதிதாய் மணந்தவனுக்கு ஓராண்டு தருகிறது. இவ்வளவு பரிவுள்ள சட்டத்திலும் கைக்குழந்தையின் தகப்பன் என்ற வகை இல்லை.

கில்போவா மலையில் சவுலும் யோனத்தானும் மடிந்தபின் தாவீது பாடிய புலம்பல் எபிரெயக் கவிதையின் உச்சங்களுள் ஒன்று. அதிலே மலைகள் சபிக்கப்படுகின்றன. கேடகம் எறியுண்டு கிடக்கிறது. இஸ்ரவேலின் குமாரத்திகள் அழும்படி அழைக்கப்படுகின்றனர். நண்பனின் அன்பு நினைவுகூரப்படுகிறது. யூதா புத்திரருக்கு இதனைக் கற்பிக்கும்படி கட்டளையும் பிறக்கிறது. இன்றும் போர் நினைவு நாட்களில் வாசிக்கப்படும் பகுதி இது.

சில ஆண்டுகளுக்கு முன் திடப்படுத்தல் வகுப்பில் இப்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது, தந்தை படையிலுள்ள ஒரு சிறுமி, “ஐயா, யோனத்தானுக்குப் பிள்ளை இல்லையா?” என்று கேட்டாள். விளக்கவுரைகள் பல படித்தவர்கள் கேளாத கேள்வி அது. பிள்ளை இருக்கிறான். அவனுக்கு அப்போது வயது ஐந்து. புலம்பலில் அவன் இல்லை.

அவனைக் காண மூன்று அதிகாரம் தாண்ட வேண்டும். 2 சாமுவேல் 4-ஆம் அதிகாரம் இஸ்போசேத்தின் கொலையைச் சொல்லவந்தது. பானா, ரேகாப் என்ற கொலைகாரரை அறிமுகப்படுத்திவிட்டு, அவர்கள் வீட்டுக்குள் நுழையுமுன், நான்காம் வசனம் திடீரென்று குறுக்கிடுகிறது. யெஸ்ரயேலிலிருந்து செய்தி வந்தது, தாதி பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடினாள், ஓடிய அவசரத்தில் அவன் விழுந்து இரு காலும் முடமாயிற்று, பெயர் மேவிபோசேத். அடுத்த வசனத்தில் கொலைக் கதை தொடர்கிறது. இவ்வசனம் இடம் மாறி வந்திருக்கலாம் என்றும், 9-ஆம் அதிகாரத்துக்கு முன் இருக்க வேண்டியது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். பாட ஆராய்ச்சி முறையில் அது சரியாக இருக்கலாம். ஆயினும் இப்போது இருக்கும் இடமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. போரில் இறந்தவனின் பிள்ளை பெரியோரின் அரசியலுக்கு நடுவே ஒரு வசனமாகத்தான் நிற்கிறான்.

அவனை முடமாக்கியது பகைவன் வாள் அன்று. செய்தி வந்த விதமும் அவனைக் காக்க நினைத்தவளின் அவசரமும் அவனை வீழ்த்தின. தாதி அன்புள்ளவள், அவள் ஓடாதிருந்தால் வேறு கேடு நேர்ந்திருக்கலாம். அவளைக் குற்றம் சாட்ட வசனம் இடம் தரவில்லை. ஆனால் மரணச் செய்தி வந்த வீட்டில் பிள்ளையை அப்புறப்படுத்தும் நம் வழக்கத்தை இவ்வசனம் கேள்வி கேட்கிறது. பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைப்பது, பெட்டி வந்து இறங்கும்போதுதான் தெரிவிப்பது ஆகியவை நாம் அறியாதவை அல்ல.

ஒன்பதாம் அதிகாரத்தை நாம் கிருபைக்கு உவமையாகப் பிரசங்கிக்கிறோம். முடவனை ராஜா தன் பந்தியில் அமர்த்தினார் என்பது ஞாயிறு பள்ளிப் படங்களிலும் உண்டு. அப்பொருள் பிழையன்று. ஆயினும் தாவீது அங்கே கேட்கும் கேள்வியை நோக்குக: சவுலின் வீட்டாரில் இன்னும் யாராகிலும் உண்டா என்று விசாரிக்கிறான். புலம்பலைப் பாடியவனுக்கு நண்பனின் மகன் உயிரோடிருப்பதே தெரியவில்லை. மேவிபோசேத்துக்கு அப்போது மீகா என்ற சிறு மகன் இருந்தான் என்று அவ்வதிகாரமே கூறுகிறது. எனவே ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. நிலம் திருப்பித் தரப்படுகிறது, பந்தி தரப்படுகிறது. ஆசிரியர் அதிகாரத்தை முடிக்கும் குறிப்போ, அவன் இரு காலும் முடமாயிருந்தான் என்பதே.

பத்தொன்பதாம் அதிகாரத்தை நாம் பிரசங்கிப்பதே இல்லை. அப்சலோமின் கலகம் அடங்கித் தாவீது திரும்புகையில் மேவிபோசேத் கால்களைப் பேணாமல், தாடி திருத்தாமல், ஆடை வெளுக்காமல் வந்து நிற்கிறான். அவனுடைய ஊழியக்காரன் சீபா அவன்மேல் பழி சொல்லியிருந்தான். அவன் தன் வழக்கைச் சொல்லத் தொடங்குகிறான். போரில் தந்தையை இழந்த அம்மகன் தன் ஊனத்தைத் தன் வாயால் சொல்வது இங்கேதான். தாவீது இடைமறித்து, இதைப்பற்றி இன்னும் பேசுவானேன் என்று கூறி நிலத்தில் பாதியை ஒதுக்குகிறான். நிலம் கேட்டு வரவில்லை அவன். சீபாவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். அரசு உதவித்தொகையும் வேலைவாய்ப்பும் தருவது நீதியே, தரவேண்டியதே. அவற்றைத் தந்த கையோடு பேச்சை முடித்துவிடும் மனப்பான்மைக்கு இவ்வதிகாரம் கண்ணாடி.

உளவியலார் கண்டவை இவ்வாசிப்புக்கு அரணாக உள்ளன, சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் இலண்டன் நகரில் குழந்தைக் காப்பகங்கள் நடத்திய அன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்காமும், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் வருத்தியது என்று எழுதினர். பாஸ்டன் நகரத்து எரிக் லிண்டெமன் 1944-இல் வெளியிட்ட கட்டுரையில், கணவன் இறந்துவிடுவான் என்று எண்ணி முன்னதாகவே துயருற்று முடித்துவிட்ட ஒரு மனைவியைக் காட்டுகிறார். அவன் உயிருடன் திரும்பியபோது அவளிடம் அவனுக்கு இடம் இல்லை. வியட்நாம் போரில் காணாமற் போனோரின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு என்பதனைத் தனிவகையாகப் பிரித்தார். மூன்றிலும் நமக்கு உதவுவது லிண்டெமன் காட்டும் மனைவிதான். விடுப்பில் வரும் தந்தையை வரவேற்பது குடும்பத்துக்கு எளிது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டு மாதம் ஒருவர் வந்து கட்டளையிட்டுச் செல்வதைப் பிள்ளைகள் எப்படி ஏற்பர்? பதினைந்து பதினேழு ஆண்டுப் பணி முடித்து நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று அவர் நிலையாகவே வந்துவிடும்போது, அவர் இல்லாமல் நடக்கப் பழகிய வீடு தடுமாறுகிறது. தோத்திர ஆராதனை வைத்துக் கேக் வெட்டிவிட்டு நாம் வந்துவிடுகிறோம். கேண்டீன் மதுவும் கைந்நீட்டமும் நுழையும் வீடுகளும் உண்டு. அங்கே ஆயர் நாட்டுப்பற்றைப் பேசிக்கொண்டிருக்கலாகாது; பிள்ளையின் பாதுகாப்பே முதற்கடமை, தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

சபைக்குள் நாம் மாற்றிக்கொள்ளத்தக்கவை பெரிய திட்டங்கள் அல்ல. தந்தை பணிக்குச் சென்றதும் மூத்த பையனின் தோளைத் தட்டி, “இனி நீதான் தம்பி வீட்டுக்கு ஆம்பிளை” என்று சொல்வதை நிறுத்தலாம். ஒன்பது வயதுச் சிறுவன் கையில் நாம் கொடுக்கும் வேல் அது. தந்தை விடுப்பில் வந்திருக்கும் வாரத்தில் அவ்வீட்டுக்குச் செல்கிறோம். அவர் ஆவடியிலோ சென்னையிலோ இரயில் ஏறிய மறுவாரம் சென்றால் பயன் அதிகம். செல்லும்போது தாயிடம் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது வேறு, பிள்ளையிடமே பேசுவது வேறு. துயரச் செய்தி வந்தால், தாயின் இசைவோடு, அன்றே, ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே பயன்படுத்திப் பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டும். தூங்குகிறார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்பன சிறு பிள்ளைக்குத் தூக்கத்தின்மேலும் ஆண்டவர்மேலும் அச்சம் விளைவிக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஊர் மாறிக்கொண்டே இருக்கும் மத்திய அரசுப் பணியாளரின் பிள்ளைகளுக்காக 1963-இல் தொடங்கப்பெற்றவை கேந்திரீய வித்யாலயப் பள்ளிகள். பட்டான்கோட்டிலும் ஜோத்பூரிலும் இப்பள்ளிகளில் பயின்றுவிட்டு வேப்பம்பட்டுக்கு வரும் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நம் ஞாயிறு பள்ளியில் அவனைப் பத்து வயதில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறோம், அல்லது மனப்பாட வசனப் போட்டியில் கடைசியில் நிறுத்துகிறோம். அவன் இந்தியில் எண்ணி, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் அழுகிறான். ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு முன் பத்து நிமிடம் அவனோடு அமர்ந்து அன்றைய பகுதியை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் போதுமானது. அடுத்த ஆண்டுக்கான ஞாயிறு பள்ளிப் பாடத்திட்டத்தை வகுப்போர் 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தைச் சேர்க்கும்போது, நான்காம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தையும் அதற்கு முந்திய ஞாயிற்றுக்குக் கொடுப்பார்களாக. படம் வரையத் தேவையில்லை. வாசித்துவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று ஆசிரியர் குறித்துக்கொண்டு வந்து ஆயரிடம் தரட்டும்.